கவலைப்படாதே என்று சொல்லும் உரிமை யாருக்கு?

கொழும்பின் தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே ஒரு போதனை கேள்விமுறையின்றி நிலைத்துவிட்டது. பணத்தைப் பற்றிக் கவலைப்படுவது பாவம். கவலை அவிசுவாசத்தின் அறிகுறி. விசுவாசம் சரியாக இருந்தால் தேவன் தேவைகளைச் சந்திப்பார். சந்திக்கவில்லை என்றால் நம் விசுவாசத்தில்தான் எங்கோ குறை. வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய மாடி மண்டபங்களிலும், கொட்டாஞ்சேனையின் வீட்டு ஜெபக் கூட்டங்களிலும் இதுவே பேச்சு. பழைய சபைகளின் பிரசங்க பீடங்களிலும் இப்போது இதே குரல் கேட்கிறது. மலைப்பிரசங்கத்தின் ஆகாயத்துப் பறவைகளும் காட்டுப் பூக்களும் இதற்குச் சாட்சிக்கு அழைக்கப்படுகின்றன.

இந்தப் போதனை தவறு. வேதத்தை நடுவில் வெட்டியெடுத்து வாசிப்பதால் வந்த தவறு இது. இதனால் அடிபடுவது நம் சபைகளில் இருக்கும் ஏழைகள்.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். 2022இல் இந்த நகரம் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அரசு நிறுத்தியது. அதே மாதம் 12.5 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டரின் விலை 4,860 ரூபாவுக்கு ஏறியது. அந்த விலைக்கும் கிடைக்காமல் வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் கட்டிவைத்துவிட்டு மக்கள் வரிசையில் நின்றார்கள். செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். முந்திய ஆண்டு ஆயிரம் ரூபாவுக்கு வாங்கிய சாமானுக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் கொடுக்க வேண்டியிருந்தது. ஜெபம் இல்லாவிட்டால் அந்த நாட்களில் புத்தி பேதலித்திருக்கும் என்று சொல்கிறவர்கள் பலர். அவர்கள் சொல்வது உண்மை. நாளைய பாட்டைக் கடவுளிடம் விட்டுவிட்டு ஓர் இரவு நித்திரை கொள்ள முடிந்தவர்தான் மறுநாள் எழுந்து வேலை தேடிப் போனார். அந்த ஆறுதலை ஒருவரிடமிருந்தும் பறிப்பதற்காக இதை எழுதவில்லை. ஆறுதலாகத் தரப்பட்ட சொல் இன்று குற்றச்சாட்டாக மாறிவிட்டது. நான் மறுப்பது அந்தக் குற்றச்சாட்டை.

அது எப்படி மாறுகிறது என்பதைக் கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடி வீட்டில் நடந்த ஜெபக் கூட்டத்தில் பார்த்தேன். முன்னறையில் பாய் விரித்து எல்லோரும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் ஜெப விண்ணப்பம் சொன்னார். கணவர் புறக்கோட்டையில் மூட்டை தூக்குபவர். முதுகு பிடித்துக்கொண்டதால் வேலைக்குப் போகவில்லை. தாலிக்கொடி செட்டியார் தெருவில் அடகில் இருக்கிறது. மூழ்கிப்போகுமுன் வட்டியையாவது கட்ட வேண்டும். இரவில் நித்திரை வருவதில்லை. அடகுச் சீட்டு அவருடைய வேதப் புத்தகத்தின் உறைக்குள் மடித்துச் செருகப்பட்டிருந்தது. பேசும்போதெல்லாம் அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். கூட்டத்தை நடத்தியவர் மத்தேயு 6ஆம் அதிகாரத்தைத் திறந்தார். நித்திரை வராமல் செய்வது பயத்தின் ஆவி என்றார். கவலைப்பட்டதைப் பாவமாக அறிக்கையிடச் சொன்னார். அந்தப் பெண் அழுதுகொண்டே அறிக்கையிட்டார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். பிறகு தேநீர் வந்தது. வட்டி எவ்வளவு, எந்தத் திகதிக்குள் கட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த அறையில் பாவம் நடந்திருந்தால், அது அந்தப் பெண் செய்ததல்ல.

இனி வேதத்துக்கு வருவோம். மத்தேயுவில் பறவைகளைப் பற்றிய போதனை 25ஆம் வசனத்தில் தொடங்குகிறது. அது 24ஆம் வசனத்தின் தொடர்ச்சி. கடவுளுக்கும் செல்வத்துக்கும் ஒருங்கே அடிமையாக இருக்க முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் இயேசு பறவைகளைக் காட்டுகிறார். லூக்கா 12ஆம் அதிகாரத்தில் இது இன்னும் தெளிவு. இருக்கிற களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்டு அன்றிரவே செத்துப்போன செல்வனின் கதை முதலில் வருகிறது. அடுத்து காகங்களும் காட்டுப் பூக்களும் வருகின்றன. அதன் பின் உடைமைகளை விற்றுத் தர்மம் செய்யச் சொல்லும் கட்டளை. களஞ்சியம் கட்டியவனுக்கும் விற்றுக் கொடுக்கும் கட்டளைக்கும் நடுவில் இருக்கிறது கவலையைப் பற்றிய போதனை. நம் பிரசங்கங்கள் முன்னையும் பின்னையும் விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுத்து, களஞ்சியமே இல்லாதவர்களிடம் நீட்டுகின்றன.

கவலைப்படுகிறவர்களை அற்ப விசுவாசிகள் என்று இயேசுவே அழைத்தாரே என்று கேட்பார்கள். அழைத்தார். யாரை என்று பார்க்க வேண்டும். தம்மோடு நடந்து, தம் கையால் நடந்ததையெல்லாம் கண்ட சீடர்களைப் பார்த்தே அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். வனாந்தரத்தில் பசியோடு இருந்த ஐயாயிரம் பேரை அவர் அப்படி அழைக்கவில்லை. மாற்கு 6ஆம் அதிகாரத்தில், பொழுது சாய்கிறது, இவர்களை ஊர்களுக்கு அனுப்பிவிடும், தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே வாங்கிக்கொள்ளட்டும் என்று யோசனை சொன்னவர்கள் சீடர்கள். நீங்களே அவர்களுக்குச் சாப்பாடு கொடுங்கள் என்பது இயேசுவின் பதில். பிறகு, இருப்பது எத்தனை அப்பம் என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். இருப்பது எத்தனை அப்பம் என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். சீடர்கள் கையால் பரிமாறச் செய்கிறார். மிஞ்சிய துண்டுகள் பன்னிரண்டு கூடை நிறையச் சேர்க்கப்படுகின்றன. அற்புதம் அவருடையது. எண்ணியதும் பரிமாறியதும் பொறுக்கிச் சேர்த்ததும் சீடர்கள் வேலை. பசித்தவருக்கு ஜெபம் செய்து வீட்டுக்கு அனுப்பிவிடும் நம் வழக்கம், அன்று இயேசு ஏற்க மறுத்த சீடர்களின் யோசனைதான்.

வருடப் பிறப்பில் சபைகள் அச்சிடும் நாட்காட்டிகளில் அடிக்கடி வரும் ஒரு வாக்குத்தத்தம் உண்டு: கடவுள் உங்கள் குறைகளையெல்லாம் நிறைவாக்குவார் என்ற கருத்துள்ள பிலிப்பியர் 4:19. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் அது தொங்குகிறது. பவுல் அதை யாருக்கு எழுதினார்? சிறையில் இருந்த தமக்கு எப்பாப்பிரோதீத்து மூலம் பணமும் பொருளும் அனுப்பிவைத்த சபைக்கு. அதற்கு முன்னுள்ள நான்கைந்து வசனங்களும் அந்த உதவிக்கு நன்றி சொல்பவை. தம்மிடம் இருந்ததை இன்னொருவன் குறைக்குக் கொடுத்தவர்களுக்கு, உங்கள் குறையைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று பவுல் உறுதி சொல்கிறார். கொடுத்தவர்களுக்கான வாக்குறுதியைக் கொடுக்காதவர்கள் சுவரில் மாட்டிக்கொண்டு, தேவையில் இருக்கிறவனைப் பார்த்து விசுவாசி என்று சொல்வது என்ன நியாயம்?

ஒன்றுக்கும் கவலைப்படாமல் ஜெபம் பண்ணச் சொல்லும் அதே பவுல், எல்லாச் சபைகளையும் பற்றிய கவலை தன்னை நாள்தோறும் அழுத்துவதாகக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் ஒப்புக்கொள்கிறார். அதைப் பாவமாக அவர் அறிக்கையிடவில்லை. தன் ஊழியத்தின் பாடுகளுள் ஒன்றாகச் சொல்கிறார். ஆகவே வேதம் எல்லாக் கவலையையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. தனக்கென்று சேர்த்துப் பூட்டிவைக்கத் தூண்டும் கவலையைக் கண்டிக்கிறது. பிறன் பாரத்தைச் சுமக்கும் கவலையை அன்பு என்கிறது. கவலைப்படாதே என்று ஒருவருக்குச் சொல்கிறவர் அந்தக் கவலையில் ஒரு பங்கைத் தன் தோளில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றிக்கொள்ளாதவருக்கு அதைச் சொல்லும் உரிமை இல்லை.

நம் பிரசங்கிகள் சலிக்காமல் சொல்லும் ஓர் உதாரணம் ஜோர்ஜ் முல்லர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 19ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளை, ஒரு மனிதரிடமும் கையேந்தாமல் ஜெபத்தாலேயே வளர்த்தவர். ஒருநாள் காலை உணவு இல்லை, பிள்ளைகளை வெற்றுத் தட்டுகளின் முன் உட்காரவைத்து நன்றி சொல்லி ஜெபித்தார், கதவு தட்டப்பட்டது, பாண் வந்தது, பின்னால் பாலும் வந்தது. வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் இந்த நிகழ்ச்சியை நானும் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அதில் வரும் பாண்காரரைப் பற்றி மட்டும் யாரும் பிரசங்கிப்பதில்லை. அந்தப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு இல்லையோ என்ற நினைப்பில் நித்திரை வராமல், விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டிப் பாண் சுட்டவர் அவர் என்பதும் அதே கதையில்தான் இருக்கிறது. முல்லரின் ஜெபத்துக்குக் கடவுள் தந்த பதில் ஒரு மனிதனின் தூக்கமின்மை வழியாக வந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வந்த ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வைத்து ஆண்டுதோறும் அறிக்கை அச்சிட்டவர் முல்லர். அவரை உதாரணம் காட்டும் எத்தனை சபைகள் தங்கள் வரவு செலவை அச்சிட்டுச் சபையார் கையில் கொடுக்கின்றன?

இதைவிடக் கொடிய ஒரு பழக்கமும் இந்தப் போதனையோடு சேர்ந்து வளர்ந்திருக்கிறது. தேவை இருக்கிறதா, முதலில் விதை விதை, காணிக்கை போடு, தேவன் நூறு மடங்காகத் தருவார் என்கிறார்கள். நாள்தோறும் ஏறும் மீற்றர் வட்டிக்குக் கடன் எடுத்துக் காணிக்கை போடும் நிலைக்கு இது மக்களைக் கொண்டுபோய்விடுகிறது. பஞ்சத்தில் தன் கடைசி மாவால் எலியா தீர்க்கதரிசிக்கு அடை செய்துகொடுத்த சாறிபாத் ஊர் விதவையையும், தேவாலயப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையையும் இதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். சாறிபாத் கதையில் மா குறையாமல் இருந்தது எலியாவுக்கு மட்டுமா? சாகப் பார்த்திருந்த அந்த விதவையும் அவள் வீட்டாரும் பஞ்சம் தீருமட்டும் சாப்பிட்டார்கள். தீர்க்கதரிசி அவள் வீட்டில் அவளோடு அதே அடையைச் சாப்பிட்டார், வாங்கிக்கொண்டு போய்விடவில்லை. இரண்டு காசு விதவையின் கதையோ, விதவைகளின் வீடுகளை விழுங்கிக்கொண்டு நீண்ட ஜெபம் பண்ணும் வேதபாரகரைக் கண்டித்த உடனேயே வருகிறது. அது முடிந்ததும் அந்தத் தேவாலயமே கல்லின்மேல் கல்லில்லாமல் போகும் என்று இயேசு அறிவிக்கிறார். ஓர் ஏழைப் பெண் தன் ஜீவனத்துக்கு இருந்த அவ்வளவையும் போட்டுவிட்டுப் போவதைப் பார்த்து மகிழ்ந்து எண்ணிக்கொள்வதற்குச் சபைக்கு அந்தப் பகுதியில் ஒரு அனுமதியும் இல்லை.

அடுத்து, சேமிப்பும் காப்புறுதியும் விசுவாசக் குறைவு என்ற பேச்சு. ஏழு செழிப்பான ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எகிப்து முழுவதும் சேர்த்துவைக்கச் செய்த யோசேப்பு அவிசுவாசியா? பஞ்சம் வரப்போகிறது என்று அகபு என்ற தீர்க்கதரிசி அறிவித்ததும், அந்தியோகியாச் சபையார் அவரவர் சக்திக்கேற்பப் பணம் சேர்த்து யூதேயாவுக்கு அனுப்பியதாக அப்போஸ்தலர் 11 சொல்கிறது. வருவதை முன்னறிந்தவர்கள் முன்கூட்டியே ஆயத்தம் செய்தார்கள். தேவாலயத்தின் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று சொன்னவன் யார் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

வெள்ளவத்தைப் புடவைக் கடைகளிலும் கொட்டாஞ்சேனைச் சில்லறைக் கடைகளிலும் கிறிஸ்தவ முதலாளிகள் இருக்கிறார்கள். காலையிலிருந்து இரவுவரை கால் கடுக்க நிற்கும் பெண்பிள்ளைகள் அவர்களிடம் வேலை செய்கிறார்கள். 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதியச் சட்டப்படி அந்தப் பிள்ளையின் சம்பளத்திலிருந்து 8 வீதமும் முதலாளி தன் பணத்திலிருந்து 12 வீதமும் கட்ட வேண்டும். 1980இன் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியச் சட்டப்படி முதலாளி இன்னும் 3 வீதம் கட்ட வேண்டும். முதுமையில் அந்தப் பெண்ணின் கையில் கிடைக்கப்போவது இதுதான். இதைக் கட்டாமல் விட்டுவிட்டு, கடை திறக்குமுன் ஊழியர்களைக் கூட்டி ஜெபம் நடத்தி, ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்கிற முதலாளிக்கு யாக்கோபின் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் பதில் இருக்கிறது. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்றும், அந்தச் சத்தம் கடவுளின் செவிக்கு எட்டிவிட்டது என்றும் யாக்கோபு எழுதுகிறார். கடவுள் அந்தப் பெண்ணைப் பராமரிக்க வைத்த வழியை அடைத்து நிற்பவர் அந்த முதலாளி.

இந்தப் போதனைக்குப் பெரிய பலமாக இருப்பவை சாட்சிகள். ஒலிவாங்கி முன் வந்து, வாடகைக்கு முற்பணம் இல்லாமல் இருந்தோம், கர்த்தர் அற்புதமாகச் சந்தித்தார் என்கிறார்கள். அவர்கள் நன்றி உண்மையானது. ஆனால் வெள்ளவத்தையில் அந்த அற்புதம் பெரும்பாலும் ஸ்காபரோவிலோ இலண்டனிலோ இரவு வேலை செய்யும் ஒரு தங்கையின், ஒரு மருமகனின் உழைப்பு. அந்தப் பணத்தை அனுப்பவைத்தவர் கடவுள் என்று நானும் நம்புகிறேன். அதே வாரம் அதே கண்ணீரோடு ஜெபித்த கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வெளிநாட்டில் யாரும் இல்லை. அந்த வீட்டாருக்கு ஒலிவாங்கி கிடைப்பதில்லை. அவர்கள் விசுவாசம் குறைந்ததென்று நாம் நம்பினால், டொலர் அனுப்பும் உறவினர் இருப்பதைப் பக்தியின் அளவுகோலாக்கிவிட்டோம் என்று அர்த்தம். உறவினர் இல்லாதவருக்கு உறவாக இருக்கத்தான் சபை என்ற ஒன்றைக் கிறிஸ்து வைத்தார். அப்போஸ்தலர் காலத்தில் அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டபோது, நீங்கள் இன்னும் நன்றாக ஜெபியுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஏழு பேரைத் தெரிந்து, பந்தியை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை ஒப்படைத்தார்கள்.

இப்படிப் பேசினால் கடவுளை ஒதுக்கிவிட்டு மனித முயற்சியை முன்வைப்பதாகாதா, விசுவாசத்துக்கு இடமே இல்லாமல் போகாதா? எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி இது. இந்த மண்ணில் அதற்குப் பதில் சொல்லி வாழ்ந்தவர் புனித யோசேப்பு வாஸ். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் கோவாவிலிருந்து கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். சம்பளமும் சொத்தும் இல்லாமல், கிடைத்ததைச் சாப்பிட்டு ஊர் ஊராக நடந்தார். கடவுளின் பராமரிப்பை நம்பியவர் என்று அவரைச் சொல்லாவிட்டால் வேறு யாரைச் சொல்வது? 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. வசதியுள்ளவர்கள் நகரைவிட்டு ஓடினார்கள். தனக்கென்று ஒன்றும் இல்லாத அந்த மனிதர் அங்கேயே நின்று, கைவிடப்பட்டவர்களுக்குக் கஞ்சி கொடுத்து, புண்களைக் கழுவி, இறந்தவர்களை அடக்கம் செய்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது கூடிய இலட்சக்கணக்கானவர்களில் கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் இருந்தன. நாளையைப் பற்றிய பயம் இல்லாததால்தான் அவர் கை மற்றவர்களுக்குத் திறந்திருந்தது. விசுவாசத்தின் இடம் அதுதான். இரண்டு பாண் வைத்திருக்கிறவன், நாளைக்கு என்ன செய்வேன் என்று அஞ்சாமல் ஒன்றைக் கொடுக்கும்போது, அவன் கடவுளை நம்புகிறான் என்று தெரிகிறது. ஆகவே விசுவாசப் பரீட்சை முதலில் இருப்பவனுக்கு. ஒரு பாணும் இல்லாமல் ஜெபக் கூட்டத்துக்கு நடந்து வந்தவர் அந்தப் பரீட்சையில் ஏற்கெனவே தேறிவிட்டார்.

இதே முன்மாதிரி மெதடிஸ்தர்களிடமும் உண்டு; அவர்கள் 1814இல் இந்தத் தீவுக்கு வந்தவர்கள். அவர்களுடைய ஸ்தாபகர் ஜோன் வெஸ்லி 1746இல் இலண்டனில் ஏழைகளுக்கு வட்டியில்லாமல் கடன் கொடுக்கும் நிதியைத் தொடங்கினார். மூன்று மாதத்துக்குள் சிறுகச் சிறுகத் திருப்பிக் கட்டலாம். கடன்காரனிடம் சிக்காமல் கைத்தொழிலாளர்கள் பிழைக்க அது வழிசெய்தது. ஆத்துமாக்களின் மீட்பைப் பற்றி வெஸ்லியைவிட ஆர்வத்தோடு பேசியவர்கள் குறைவு. மீட்பைப் பேசிய அதே சபைதான் கடன் கணக்கையும் எழுதியது.

ஆகவே சபை மூப்பர்களிடமும் போதகர்களிடமும் பங்குத் தந்தையரிடமும் வேண்டிக்கொள்கிறேன். மலைப்பிரசங்கத்தின் அந்தப் பகுதியைத் தொடர்ந்து பிரசங்கியுங்கள்; லூக்கா 12ஐ முழுவதுமாக வாசித்துவிட்டுப் பிரசங்கியுங்கள். பணத் தேவைக்கு ஜெப விண்ணப்பம் வந்தால், எவ்வளவு, எந்தத் திகதிக்குள் என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகு முழங்காலிடுங்கள். அடகை மீட்கவும் மீற்றர் வட்டிக் கடனை அடைக்கவும் வட்டியில்லாக் கடன் நிதி ஒன்றை ஒவ்வொரு சபையிலும் தொடங்குங்கள். அதன் கணக்கைச் சபைக்குக் காட்டுங்கள். கடனில் இருப்பவரிடம் விதைக் காணிக்கை கேட்காதீர்கள். தெரியாமல் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். 2023இல் அரசின் சமுர்த்தி உதவியின் இடத்துக்கு வந்த அஸ்வெசும திட்டத்தில், தகுதி இருந்தும் பெயர் விடுபட்டவர்கள் உங்கள் வாங்குகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். மேன்முறையீட்டுப் படிவத்தை நிரப்பவும் பிரதேச செயலகத்துக்குக் கூடப் போகவும் வாலிபர் சங்கத்தில் இரண்டு பேரை நியமியுங்கள். முதலாளிகளாக இருக்கும் அங்கத்தவர்களிடம் சேமலாப நிதி கட்டுகிறீர்களா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இவற்றைச் செய்யும் சபைக்கு, கவலைப்படாதே என்று சொல்லும் அதிகாரம் தானாக வரும். செய்யாத சபை அந்தச் சொல்லை எடுக்க வேண்டாம். நம் நடுவில் இருக்கும் ஏழைகளுக்கு ஒரு வார்த்தை: அடகு வட்டியை நினைத்து உங்களுக்கு நித்திரை வராதது பாவமல்ல. அதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள் அல்ல.